மேலே பளபளப்பு, உள்ளே பொத்தல்: மில்லிங் மெஷினில் அலுமினிய ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்

ஒசூர்ப் பட்டறை

வணக்கம். மின்சார வண்டியின் பேட்டரிக்கு அடியில் வைக்கும் குளிரூட்டும் தட்டு செய்து தரும்படி ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. 6061-டி6 அலுமினியம். தட்டுக்குள் நீர் ஓடும் வாய்க்கால், மேலே மூடித் தகடு. மூடியைச் சுற்றி ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்தான் (சுழலும் டூலின் உராய்வில் உலோகத்தை உருக்காமல் இளக்கிக் கலந்து ஒட்டும் முறை) போட வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கென்று தனி மெஷின் வாங்க நமக்கு வசதியில்லை. தலையைச் சாய்க்கக்கூடிய பழைய வெர்டிகல் மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது, அதில்தான் முயன்றுகொண்டிருக்கிறோம்.

மூடிக்குப் போவதற்கு முன் 6 மி.மீ. தகடு இரண்டை விளிம்போடு விளிம்பு வைத்துப் பழகுகிறோம். டூல் எச்13 எஃகு, கடினப்படுத்தியது. தகட்டின் மேல் அழுந்தும் ஷோல்டர் 18 மி.மீ., நடுவில் தகட்டுக்குள் இறங்கும் முனை 6 மி.மீ. விட்டம், 5.7 மி.மீ. நீளம், முனையில் மரை வெட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 1000 சுற்று, 160 மி.மீ. நகர்வு, சாய்வு 2 பாகை.

மேற்பரப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரைவட்டக் கோடுகள் ஒரே சீராக விழுகின்றன. குறுக்கே அறுத்து உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால், அடிப்பக்கம் ஓரமாக ஒரு பொத்தல். எங்கே அறுத்தாலும் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கிறது. ஓரத்தில் பிசிறும் அதிகமாக வருகிறது. சுற்றைக் கூட்டு என்கிறார் ஒருவர், குறை என்கிறார் இன்னொருவர். எதைத் தொடுவது?

டிக் தாத்தா

தம்பி, ஏசி டிக் வெல்டிங் இருக்கிறது, 4043 நிரப்புக் கம்பி இருக்கிறது, ஆர்கான் இருக்கிறது. அலுமினியத்தை நாற்பது வருடமாக இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். மில்லிங் மெஷினை ஏன் வதைக்கிறீர்கள்?

கோவை டூல்ரூம்

சுற்றையும் வேகத்தையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நான்கு விஷயம் சொல்லுங்கள்.

டூல் போகும் திசையைப் பார்த்து நின்றால் பொத்தல் இடப்பக்கமா, வலப்பக்கமா? ஸ்பிண்டில் மேலிருந்து பார்க்க எப்படிச் சுற்றுகிறது? முனையில் இருப்பது வலமரையா, இடமரையா? வெல்டு ஓடும்போது ஸ்பிண்டில் தலையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா?

ஒசூர்ப் பட்டறை

பொத்தல் இடப்பக்கம். ஸ்பிண்டில் கடிகாரச் சுற்று. மரை சாதாரண எம்6, டர்னர் டை போட்டு வெட்டினார், ஆகவே வலமரை. டயல் கேஜ் வைக்கவில்லை.

தாத்தாவுக்கு: டிக் போட்டுக் காட்டினோம் ஐயா. அனோடைஸ் செய்ததும் வெல்டு மட்டும் கருஞ்சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. தட்டும் வளைந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கோவை டூல்ரூம்

பாதி விடை மரையிலேயே இருக்கிறது.

இந்த வெல்டிங்கில் நிரப்புக் கம்பி கிடையாது. இரண்டு தகட்டிலும் இருக்கும் உலோகம்தான் மொத்தக் கையிருப்பு. அது உருகுவதும் இல்லை. ஷோல்டரின் உராய்வில் சூடேறி இளகி, முனையைச் சுற்றி இழுபட்டு, பின்னால் உண்டாகும் வெற்றிடத்தில் போய் அடைந்துகொள்கிறது. களி கிண்டுவதுபோல என்று எளிதாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே மேலே ஷோல்டர், கீழே அடித்தகடு, இரு பக்கமும் இன்னும் சூடேறாத கெட்டி உலோகம் என நான்கு பக்கமும் அடைத்துவைத்துக் கிண்ட வேண்டும். அடைப்பு ஓரிடத்தில் விட்டாலும் உலோகம் வெளியே போய்விடும். பிசிறாக வெளியே போனது எவ்வளவோ, உள்ளே பொத்தல் அவ்வளவு. நிரப்ப வேறு எதுவும் வருவதில்லை.

இப்போது உங்கள் மரை. கடிகாரச் சுற்றில் சுழலும் வலமரை ஸ்குரு மரத்துக்குள் இறங்குகிறது. அதாவது மரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. ஸ்குரு இறங்க முடியாதபடி ஸ்பிண்டில் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும்? உலோகம் மேலே ஏறும். உங்கள் முனை அலுமினியத்தை அடியிலிருந்து வாரி ஷோல்டருக்கு அனுப்புகிறது. அங்கே இடமில்லாமல் பிசிறாகப் பிதுங்குகிறது. அடியில் காலி. கடிகாரச் சுற்று என்றால் இடமரை வேண்டும், அப்போதுதான் உலோகம் கீழே தள்ளப்படும்.

பொத்தல் இடப்பக்கம் வருவதும் இயல்புதான். கடிகாரச் சுற்றில் டூலின் இடப்பக்கம், டூல் நகரும் திசையிலேயே சுழல்கிறது. முன்னேறும் பக்கம் என்பார்கள். வலப்பக்கம் எதிர்த்திசையில் சுழலும், பின்வாங்கும் பக்கம். உலோகம் முன்னேறும் பக்கத்திலிருந்து பின்வாங்கும் பக்கம் வழியாகப் பின்புறம் சுற்றிவந்து அங்கேயே மூட வேண்டும். கடைசியில் மூடப்படும் இடம் அது. கையிருப்பு குறைந்தால் அங்கேதான் தெரியும்.

புது டூல் வரும்வரை ஒரு சோதனை: ஸ்பிண்டிலை எதிர்ச்சுற்றில் ஓட்டுங்கள். வலமரை அப்போது கீழே தள்ளும். பொத்தல் சிறுத்து வலப்பக்கத்துக்கு மாறினால் நோய் தெரிந்துவிட்டது. டூலைப் பிடிக்கும் ஆர்பர் மரையில் முடுக்கிய வகையாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கழன்றுவிடும்.

சிதம்பரத்து மாணவி

மரையே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையத்தில் 6061, 2219 இரண்டுக்கும் உருளை, கூம்பு, மரை, முக்கோணம், சதுரம் என ஐந்து வகை முனைகளை ஒப்பிட்டு 2007, 2008 வாக்கில் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சதுர முனைதான் குறையில்லாத வெல்டு தந்தது. 6061 ஆய்வில் ஷோல்டர் அளவுகளையும் மாற்றிப் பார்த்தார்கள். அதிலும் 18 மி.மீ. முன்னிலை பெற்றது. உங்கள் டூலின் அளவும் அதுதான்.

சதுரம் சுழலும்போது நான்கு தட்டை முகங்களும் மாறி மாறி உலோகத்தைத் தள்ளுகின்றன. 1200 சுற்றில் வினாடிக்கு 80 தள்ளல். உங்கள் டர்னருக்கும் இடமரையைவிடச் சதுரம் சுலபமாக இருக்கும்.

வெட்டிப்பேச்சு

அந்தக் கட்டுரைகளுக்குப் பிறகு நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ. படித்தவர்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. 6061 தகடு, ஒன்பது சோதனைக்கான டகுச்சி அட்டவணை, கடைசிப் பக்கத்தில் 1200 சுற்று சிறந்தது என்ற முடிவு. எந்த மெஷினில், எந்த அடித்தகட்டின் மேல், எத்தனை கிலோநியூட்டன் அழுத்தத்தில் என்பது இருக்காது. சுற்றும் வேகமும் மட்டும் சமையல் குறிப்பாகக் கிடைத்தால் ஒசூரில் பொத்தல்தான் வரும்.

சிதம்பரத்து மாணவி

கோபம் நியாயமானது அண்ணா, ஆனால் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். அழுத்த விசையைக் குறிப்பிடும் ஆய்வுகளும் நிறைய இருக்கின்றன. 6 மி.மீ. 6061-க்கு ஐந்திலிருந்து பத்து கிலோநியூட்டன் வரை என்று படித்திருக்கிறேன். அந்த விசையை மில்லிங் மெஷின் தாங்குமா என்பதுதான் கேள்வி.

தாத்தாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

6061-க்கு டிக் போதும் என்று அவர் சொல்வதை முழுவதும் மறுக்க முடியாது. ஆனால் கப்பல், ராக்கெட், விமானம் என்று போனால் கதை வேறு. 2024, 7075 போன்ற கலவைகளை உருக்கி ஒட்டினால், இறுகும்போது உலோக மணிகளுக்கிடையே கடைசியாக மிஞ்சும் திரவப் படலம் சுருக்கத்தின் இழுவையில் கிழிந்துவிடும். அதனால்தான் விமான உடல்களில் இத்தனை காலம் ரிவெட் ஆண்டது. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் கரைத்துவைத்துக்கொள்ளும், இறுகியதும் அதைக் கக்கிவிடும். எக்ஸ்ரேயில் குண்டூசி நுனிகளாகத் தெரியும் குமிழிகள் அப்படி வருபவைதான். உருக்காமலே ஒட்டினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

1991 டிசம்பரில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டிடபிள்யூஐ வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸும் உடன் பணிபுரிந்தவர்களும் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். எட்டே ஆண்டுகளில், 1999-ல், இப்படி ஒட்டிய தொட்டியோடு டெல்டா-2 ராக்கெட் பறந்தது. எக்லிப்ஸ் 500 என்ற சிறிய ஜெட் விமானம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளை இந்த வெல்டிங்கால் மாற்றியது. 2012 ஐமேக் கணினியின் மெலிந்த விளிம்பும் இதே வேலைதான். ஜப்பானில் ஹிட்டாச்சி ரயில் பெட்டிகளை நீள நீளமாக இப்படித்தான் ஒட்டுகிறது. நீள வெல்டில் தகடு வளையாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய ஆதாயம்.

டிக் தாத்தா

அம்மா, படித்துவிட்டேன். 7075-ஐ டிக்கில் ஒட்டித் தரும்படி கேட்டு வந்தவர்களை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரணம் கேட்டால் வெடிக்கும் என்று மட்டும் சொல்வேன். ஆனால் ஒன்று: டிக்கில் குறை வந்தால் உருகிய குளத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். உங்கள் முறையில் அறுத்துப் பார்க்கும்வரை தெரியவில்லையே?

சிங்கை என்டிடி

ஐயா தொட்டதுதான் இதன் உண்மையான பலவீனம். விரிவாக எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒசூர்ப் பட்டறை

எதிர்ச்சுற்றில் ஓட்டினோம். பொத்தல் வலப்பக்கம் போனது, நன்றாகச் சிறுத்தது. பிறகு சதுர முனை செய்தோம். தகட்டின் இரண்டு கோடியிலும் அறுத்த துண்டில் பொத்தல் இல்லை. நடுப்பகுதியில் மட்டும் இன்னும் ஊசித்துளை அளவுக்கு இருக்கிறது. டயல் கேஜும் வைத்தோம். டூல் நடுப்பகுதிக்கு வரும்போது முள் 0.2 மி.மீ. மேலே போகிறது, கடைசியில் பாதி திரும்பி வருகிறது.

இன்னொரு தலைவலி. வாடிக்கையாளரின் தரப்பிரிவு வெல்டின் இழுவலிமை 280 மெகாபாஸ்கல் வேண்டும் என்கிறது. மூலத் தகடு 310. தொண்ணூறு சதவீதம்தானே கேட்கிறோம், ராக்கெட்டுக்குப் போடுகிற வெல்டுதானே என்கிறார்கள்.

கோவை டூல்ரூம்

0.2 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மி.மீ. ஷோல்டரை 2 பாகை சாய்த்தால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உயர வித்தியாசம் 0.63 மி.மீ. பின்விளிம்பு தகட்டுக்குள் 0.15, 0.2 அளவுக்குத்தான் அமிழ்ந்திருக்கும். அந்தப் பின்விளிம்புதான் உலோகத்தை மேலிருந்து அமுக்கி அடைக்கிறது. தலை 0.2 எழும்பினால் ஷோல்டர் தகட்டைத் தடவிக்கொண்டுதான் போகிறது, அமுக்கவில்லை. மேற்பரப்பு இன்னும் பளபளப்பாக இருக்கும், ஏனென்றால் தடவினாலும் பளபளக்கும்.

மில்லிங் மெஷின் பக்கவாட்டு வெட்டு விசைக்காகச் செய்தது. முக்கால் டன் எடையை ஸ்பிண்டிலின் அச்சில் நெடுநேரம் தாங்கி நிற்பது அதன் பிறவிக் குணம் இல்லை. குயில் (ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் குழல்) மேலே தள்ளப்படும், மேசை தாங்கி கீழே தாழும். தனி மெஷின்கள் பெரும்பாலும் விசையை அளந்து, அதை மாறாமல் வைத்துக்கொண்டு, தகட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தலையை ஏற்றி இறக்கும். உங்களுடையது உயரத்தை மட்டும் பூட்டிவைத்துக்கொண்டு, விசை வந்தபடி வரட்டும் என்று விடுகிறது. எனவே நீங்கள் செய்யக்கூடியவை:

குயிலை முழுவதும் உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டு, ஆழத்தை மேசையை ஏற்றிக் கொடுங்கள். குயில் வெளியே நீண்டு நிற்கும் ஒவ்வொரு அங்குலமும் வளையும். அடித்தகடு 25 மி.மீ. எஃகாக, தேய்த்துச் சமன் செய்ததாக இருக்க வேண்டும். நடுவில் முள் ஏறுவதைப் பார்த்தால் தகடு நடுவில் உப்பியிருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டு ஓரத்தில் மட்டும் கிளாம்ப் போட்டிருக்கிறீர்களா? நெடுகிலும் பட்டை வைத்து, வெல்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பிடியுங்கள். இரண்டு தகட்டுக்கும் இடையே சந்து இருந்தால் அதுவும் பொத்தல்தான். தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது, அதிலும் பாதியைத் தாண்டினாலே எனக்குத் தூக்கம் வராது.

ஆரம்பத்தில் முனையை இறக்கியதும் உடனே நகர்த்தாதீர்கள். சில வினாடி அங்கேயே சுழலவிட்டு, தகடு சூடேறியதும் நகருங்கள். குளிர்ந்த தகட்டில் நகர்ந்தால் விசை எகிறும், முனை ஒடிவதும் அப்போதுதான். நகர்வை 160-லிருந்து 100-க்குக் குறையுங்கள். சூடு கூடினால் தேவைப்படும் விசை குறையும், உங்கள் மெஷினுக்கு அது கருணை. ஸ்பிண்டில் பேரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். தினமும் இந்த வேலையை ஓட்டினால் அது சீக்கிரம் போய்விடும், இதை விலையில் சேர்க்க மறக்காதீர்கள்.

சிதம்பரத்து மாணவி

280 மெகாபாஸ்கல் பற்றி. டி6 தகட்டை ஒட்டி அப்படியே சோதித்தால் அது வராது. உங்கள் கைத்திறனில் குறை இல்லை, உலோகம் அப்படி.

6061-க்கு வலிமை தருவது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்ணிய வீழ்படிவுகள். டி6 என்றால் அவற்றைச் சரியான அளவில் வளர்த்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். வெல்டின் நடுவில் வெப்பம் 450, 500 பாகை செல்சியஸ் வரை போகும். உருகாது, ஆனால் வீழ்படிவுகள் கரைந்துவிடும். நடுவிலிருந்து தள்ளி, ஷோல்டர் விளிம்பை ஒட்டிய பகுதியில் 300, 400 பாகைதான். அங்கே அவை கரையாமல் பருத்துவிடும், அதுதான் மோசம். குறுக்கே கடினத்தன்மை அளந்து வரைந்தால் ஆங்கில டபிள்யூ எழுத்து கிடைக்கும். மூலத் தகட்டில் விக்கர்ஸ் 105, 110. இரண்டு பள்ளத்திலும் 60, 70. இழுத்தால் அந்தப் பள்ளத்தில்தான், பெரும்பாலும் பின்வாங்கும் பக்கத்தில், கழுத்து மெலிந்து அறும். நல்ல வெல்டுக்கு 200-லிருந்து 230 மெகாபாஸ்கல் வரும். டிக்கில் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் அலுமினிய விதிமுறை இதே 6061-டி6-க்குக் குறைந்தபட்சமாகக் கேட்பது 165-தான். அந்தத் தரப்பிரிவிடம் இந்த ஒப்பீட்டைக் காட்டுங்கள்.

உண்மையிலேயே வலிமை வேண்டுமென்றால் தகட்டை உலையில் முதிர்வூட்டாத டி4 நிலையில் வாங்கி, ஒட்டி முடித்த பிறகு முழுத் தட்டையும் 175 பாகையில் எட்டு மணி நேரம் வைத்து முதிர்வூட்டுங்கள். டி4-ல் பருப்பதற்கு வீழ்படிவுகளே அதிகம் இல்லை, ஆகவே இழப்பும் குறைவு. டி6-ல் ஒட்டிவிட்டு அதே உலையில் வைத்தால் நடுப்பகுதி தேறும், பள்ளம் தேறாது. மறுபடி 530 பாகைக்குச் சூடேற்றித் தண்ணீரில் அமுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாய்க்கால் வெட்டிய தட்டு முறுக்கிக்கொள்ளும். நடுப்பகுதியின் நுண்மணிகளும் சில சமயம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம்: 3 பார் அழுத்தத்தில் நீர் ஓடும் தட்டுக்கு 280 எதற்கு?

வெட்டிப்பேச்சு

வரைபடம் போட்டவருக்கு மூலத் தகட்டின் அட்டவணை மட்டும்தான் கிடைத்திருக்கும். அதில் பத்து சதவீதம் கழித்திருப்பார். கேட்டால் பாதுகாப்பு என்பார்.

சிங்கை என்டிடி

தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த வெல்டில் குறைகள் இரண்டு ஜாதி.

பொத்தல் முதல் ஜாதி. அதற்குப் பருமன் உண்டு, எனவே எக்ஸ்ரேயில் தெரியும், அல்ட்ராசோனிக்கில் எதிரொலிக்கும். இரண்டாவது ஜாதியில் இரண்டு உலோக முகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் ஒட்டியிருக்காது. நடுவில் ஆக்சைடு படலம் மட்டும். முத்தப் பிணைப்பு என்று பெயர். எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடும். ஃபேஸ்டு அர்ரே அல்ட்ராசோனிக்கில்கூட ஆள் திறமையாக இருந்தால்தான் பிடிக்கலாம். சாய ஊடுருவல் சோதனை, அடிப்பரப்பில் வாய் திறந்திருந்தால் மட்டும் காட்டும். இழுவைச் சோதனையில்கூடச் சில சமயம் தப்பிவிடும், ஏனென்றால் மாணவி சொன்ன பள்ளம் முதலில் அறுந்துவிடுகிறது. சோர்வுச் சுமையில் அது தப்பாது.

ஒசூர் நண்பருக்கு இரண்டாவது ஜாதியும் இருக்கும் என்று நினைக்கிறேன். முனை 5.7 மி.மீ. என்கிறீர்கள், ஷோல்டர் விளிம்பிலிருந்து அளந்ததாக எடுத்துக்கொள்கிறேன். சாய்வினால் ஷோல்டரின் மையம் பின்விளிம்பைவிட 0.31 உயரத்தில் இருக்கிறது. பின்விளிம்பு 0.2 அமிழ்ந்தால் மையம் தகட்டுக்கு 0.11 மேலே. முனையின் நுனி 5.6 வரைதான் போகிறது. நுனியின் தாழ்ந்த ஓரத்துக்கு இன்னும் 0.1 சேர்த்தாலும் 5.7. தகடு 6. அடியில் 0.3-லிருந்து 0.4 மி.மீ. வரை கிண்டப்படாமல் கிடக்கிறது. தலை எழும்பும் இடத்தில் 0.5-ஐத் தாண்டும்.

எக்ஸ்ரேக்குக் காசு செலவழிக்காதீர்கள். வெல்டுக்குக் குறுக்கே ஒரு பட்டை அறுத்து, அடிப்பக்கம் வெளிப்புறம் விரியும்படி உருளையின் மேல் வளையுங்கள். ஒட்டாத அடி புத்தகம் போலத் திறந்துகொள்ளும். உருளை விட்டத்தைத் தரநிலை பார்த்து எடுங்கள், ரொம்பச் சிறியதாக வளைத்தால் நல்ல 6061 வெல்டும் மென்மையான பள்ளத்தில் கிழியும். அலுமினியத்தில் இந்த வெல்டிங்குக்கென்றே ஐஎஸ்ஓ 25239 இருக்கிறது, ஐந்து பாகம், 2011-ல் வந்து 2020-ல் திருத்தப்பட்டது. குறுக்குவெட்டை மெருகேற்றி கெல்லர் கரைசலில் அரித்துப் பார்க்கும் வழக்கத்தை விடாதீர்கள். கலக்கிய பகுதியில் அடுக்கடுக்காகத் தெரியும் வெங்காய வளையங்களுக்கு நடுவே ஒரு கருங்கோடு நெளிந்து இறங்கினால், விளிம்பிலிருந்த ஆக்சைடு சரியாக உடைந்து கலக்கவில்லை. வெல்டு போடுவதற்குச் சற்றுமுன் விளிம்பைச் சீவி அசிட்டோனால் துடையுங்கள். நேற்று துடைத்தது கணக்கில் வராது.

பெரிய இடங்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட்டின் 8.4 மீட்டர் விட்டத் தொட்டிகளை நியூ ஆர்லியன்ஸ் மிஷூட் ஆலையில் 2219 கலவையில் இப்படித்தான் ஒட்டுகிறார்கள். வட்ட வெல்டுக்கு அடித்தகடு வைக்க இடமில்லாததால், தகட்டை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் இரட்டை ஷோல்டர் டூல். அங்கே முனையின் வடிவத்தை மாற்றியபோது வெல்டின் வலிமை தேவைக்குக் கீழே இறங்கி, 2017-ல் பல மாத வேலை பின்தங்கியது. மெஷின் அதே, கலவை அதே, ஆட்களும் அவர்கள்தான்.

டிக் தாத்தா

அப்படியானால் டூல்ரூம்காரர் மரையைப் பிடித்துக்கொண்டது சரிதான்.

பேட்டரி பாலா

நடுவில் நுழைகிறேன். பஸ்பாருக்காக (மின்சாரம் கடத்தும் பட்டை) தாமிரத்தையும் அலுமினியத்தையும் இதே முறையில் ஒட்ட முடியுமா? அடுத்த வரிசையில் ஒருவர் மெக்னீசியம் ஏஇசட்31 மூடி கேட்கிறார், டிசைனில் இன்னும் எடை குறையுமாம்.

சிதம்பரத்து மாணவி

தாமிரம்: முடியும், சூட்டைக் கட்டுப்படுத்தினால். தாமிரத்தை முன்னேறும் பக்கம் வைத்து, முனையை அலுமினியத்துக்குள் தள்ளி, தாமிரத்தின் விளிம்பை மட்டும் உரசும்படி ஓட்டுங்கள். முழுக்கக் கலக்கினால் இரண்டும் சேர்ந்து நொறுங்கும் சேர்மங்கள் உண்டாகும். தடித்த அடுக்காக வந்தால் மின்தடையும் ஏறும், விரிசலும் வரும்.

மெக்னீசியம் தனியாக என்றால் நன்றாகவே ஒட்டும். அதன் பிரச்சினை வேறு. முனையைச் சுற்றி மணிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அடுக்கிக்கொள்ளும். அதனால் கடினத்தன்மை குறையாவிட்டாலும் கலக்கிய பகுதியின் ஓரத்திலேயே அறும். மெக்னீசியத்தை அலுமினியத்தோடு ஒட்டக் கேட்டால் நன்றாக யோசியுங்கள். இரண்டும் கலந்த இடம் 437 பாகையிலேயே உருகத் தொடங்கும், உருகாமல் ஒட்டுகிறோம் என்ற சாக்கு அங்கே செல்லாது.

கோவை டூல்ரூம்

மெக்னீசியத்தை வெல்டு போடும்போது பயமில்லை, சீவல் வராது. அதற்கு முன் விளிம்பை மில்லிங் செய்யும்போது வரும் பொடிச் சீவல்தான் ஆபத்து. பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் கொழுந்துவிட்டு எரியும். உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும். அலுமினியச் சீவலோடு ஒரே தொட்டியில் கொட்டவும் வேண்டாம்.

ஒசூர்ப் பட்டறை

குயிலை உள்ளே இழுத்துப் பூட்டி, நெடுகிலும் பட்டை போட்டு, முனையை 5.9 ஆக்கி, நகர்வை 100-க்கு இறக்கினோம். டயல் முள் இப்போது 0.05-க்கு மேல் போகவில்லை. நடுவில் அறுத்ததிலும் பொத்தல் இல்லை. அடிப்பக்க வளைவில் விரியவில்லை. தரப்பிரிவு 280-ஐ விட்டுவிட்டு, 200-ம் கசிவுச் சோதனையும் போதும் என்று இறங்கி வந்திருக்கிறது. மாணவிக்கு நன்றி, அந்த 165 தான் வேலை செய்தது.

இனி மூடி. மூடி 4 மி.மீ., தட்டில் படி வெட்டி அதில் உட்காரும். படியின் அகலம் வரைபடத்தில் 5 மி.மீ.தான். முடிவில் டூலைத் தூக்கினால் சாவித்துளை மாதிரி ஒரு குழி விழுகிறதே, அதை என்ன செய்வது? நீர் ஓடும் தட்டில் டிக் போட்டு அடைக்கவும் மனம் இல்லை.

கோவை டூல்ரூம்

5 மி.மீ. படியில் 18 மி.மீ. ஷோல்டர் ஏறினால் மூடி வாய்க்காலுக்குள் அமிழும். 4 மி.மீ. மூடிக்கு 12 மி.மீ. ஷோல்டர், 4 மி.மீ. விட்டமுள்ள முனை போதும். படியை 8 ஆக்கச் சொல்லுங்கள். ஷோல்டரின் பாதிக்குக் கீழ் கெட்டி உலோகம் இருந்தே ஆக வேண்டும், அதற்குமேல் கொஞ்சம் மிச்சமும் வேண்டும். முனை மூடியைத் தாண்டிப் படிக்குள் அரை மி.மீ. இறங்கட்டும். சிங்கைக்காரர் சொன்ன அடிப்பிரச்சினை அப்போது வராது.

படி மேடை முழுவதும் ஒட்டாது, முனை போன இடம் மட்டும்தான் ஒட்டும். அதன் ஓரத்தில் படியின் கோடு மேல்நோக்கிக் கொக்கியாக வளைந்து ஏறும். கடிகாரச் சுற்றில் தட்டை இடம் சுற்றியும் வலம் சுற்றியும் ஒவ்வொன்று ஓட்டி அறுத்துப் பாருங்கள். கொக்கி எதில் சிறியதோ அந்தத் திசையை வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கை என்டிடி

கசிவுச் சோதனையைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். மெல்லிய கசிவுக்கு ஹீலியம் தேவைப்படும். சோதனைக்கு முன் தட்டைச் சில முறை சூடேற்றிக் குளிரவையுங்கள், ஒட்டாமல் தொட்டுக்கொண்டிருக்கும் முகங்கள் அதில் பிரியும்.

கோவை டூல்ரூம்

சாவித்துளைக்கு: ராக்கெட் தொட்டிக்காரர்கள் முனையை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும் டூல் வைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் உராய்வு முளை அடித்து அடைக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம். மூடியைச் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்தைத் தாண்டி இருபது மி.மீ. மேலேயே ஓட்டுங்கள். பிறகு டூலைத் தூக்காமல் வெளிப்பக்கம் திருப்பி, தட்டின் ஓரத்தில் பேட்டரிப் பெட்டியோடு முடுக்கும் போல்ட் துளை எங்கே வருகிறதோ அங்கே கொண்டுபோய்த் தூக்குங்கள். எம்8 போல்ட் என்றால் 9 மி.மீ. துளை போடுவீர்கள், முனையின் குழி அதற்குள் போய்விடும். ஷோல்டர் பதிந்த வட்டத்தை வாஷர் உட்காரும் அளவுக்குச் சமன் சீவிவிடலாம். வரைபடத்தில் அந்த மூலையில் போல்ட் இருக்கிறதா?

ஒசூர்ப் பட்டறை

இருக்கிறது. நான்கு மூலையிலும் எம்8.